சர்வீஸ் முடிந்து வந்த 100 சிசி வண்டி: எந்தத் தப்பு எத்தனை கிலோமீட்டரில் தெரியும்

வாட்டர் வாஷ் அடித்து, டயருக்குப் பாலிஷ் போட்டு, ஈரம் காயாமல் கைக்கு வரும் பைக்கைப் பார்த்து வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று சொல்லவே முடியாது. ஆயில் கசிந்திருந்தாலும் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். இரண்டு நாள் ஓடி எஞ்சின் மேல் புழுதி படிய வேண்டும். எந்த இடத்தில் புழுதி கறுப்பாக, ஈரமாக ஒட்டி நிற்கிறதோ அங்கேதான் கசிவு. அரைகுறை வேலை ஒவ்வொன்றும் வெளியே வர இப்படி ஒரு கால அளவு இருக்கிறது. சில தப்புகள் முதல் பிரேக்கில் தெரியும், சில ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

முதல் பிரேக்கில் தெரியக்கூடியது உயிர் சம்பந்தப்பட்டது. அதைப் பட்டறை வாசலிலேயே பார்த்துவிட வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றி வேலை செய்திருந்தால், அது பஞ்சர் ஒட்டுவதற்காகவே இருந்தாலும், குனிந்து பிரேக் டார்க் ராடைப் பாருங்கள். பிரேக் பேனலையும் (டிரம்மை மூடி, பிரேக் ஷூவைத் தாங்கும் தட்டு) ஸ்விங் ஆர்மையும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) இணைக்கும் பட்டையான கம்பி அது. அதன் போல்ட்டில் நட்டும், நட்டு கழலாமல் இருக்க ஸ்பிலிட் பின்னும் இருக்கும். அந்த ஸ்பிலிட் பின் வளைந்து உடைந்துபோனால் புதியது போட வேண்டும், விலை சில ரூபாய்தான். பல இடங்களில் போடாமலே விட்டுவிடுகிறார்கள். நட்டு அதிர்ந்து அதிர்ந்து கழன்று ஒருநாள் போல்ட் விழும். அப்போது பிரேக்கை மிதித்தால் பேனல் தட்டே சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், பிரேக் ராடு முறுக்கிக்கொள்ளும், சக்கரம் லாக் ஆகிவிடும். முன்பக்கம் டிரம் பிரேக் என்றால், பேனலில் உள்ள பள்ளம் ஃபோர்க்கில் உள்ள முனையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிரேக் ஷூ மாற்றியதாக பில்லில் இருந்தால் அதற்கும் அங்கேயே ஒரு சோதனை உண்டு. பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, கேம் (ஷூவை விரிக்கும் தண்டு) அருகே இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். புது ஷூவில் அம்பு, பேனலில் உள்ள குறியிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கும். குறியை நெருங்கி நின்றால் ஒன்று ஷூ மாற்றப்படவில்லை, அல்லது டிரம் அளவுக்கு மீறித் தேய்ந்துவிட்டது.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்பக்கம் எடை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை விரலால் லேசாகத் தட்டினால் அது தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து விழ வேண்டும். நடுவிலேயே நின்றால் கோன் செட்டை (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) இறுக்கிவிட்டார்கள். மெதுவாகப் போகும்போது வண்டி நேராகப் போகாமல் அலைபாயும். அப்படியே ஓட்டினால் பேரிங் குண்டுகள் உருளும் பால் ரேஸில் பள்ளம் விழும்.

அடுத்தது 50 முதல் 500 கிலோமீட்டர் வரை. இந்தத் தூரத்தில் வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் போல்ட். கிளட்ச் பக்கக் கவரை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எல்லாமே 8-ஆம் நம்பர் ஸ்பேனரில் கழலும். ஆனால் நீளம் ஒன்றல்ல. கழற்றியவர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி, கைக்கு வந்ததை வந்த துளையில் போட்டால் இரண்டு விதத்தில் கெடும். நீளமான போல்ட் ஆழமில்லாத துளையில் போய் அடியில் முட்டி நிற்கும். கைக்கு இறுகிய மாதிரி இருக்கும், கவரோ அழுந்தியே இருக்காது. குட்டை போல்ட் ஆழத் துளையில் இரண்டு மூன்று சுற்று மட்டுமே பிடிக்கும், கொஞ்சம் அழுத்தினால் அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பொறுப்பான மெக்கானிக் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்தி வைப்பார். அந்த ஒரு பழக்கத்தை வைத்தே பட்டறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இந்த 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தேவைப்படுவது 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம்தான். நீளமான டி ஸ்பேனரால் தோள் பலத்தைக் கொடுத்தால் அது எங்கேயோ போய்விடும். ஆயில் ட்ரெயின் போல்ட்டும் அப்படியே, 25 முதல் 30 வரை போதும். வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டுக் கசிவு வந்து, கசிவை நிறுத்த மேலும் இறுக்கி, கடைசியில் எஞ்சினில் மரை போவதுதான் வழக்கமாக நடப்பது. கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் காகித கேஸ்கெட்டுக்குப் பதிலாக, பட்டறைகளில் அனபாண்ட் என்றே அழைக்கப்படும் சிலிகான் பசையை அப்பிவிடுவதும் உண்டு. வெளியே பிதுங்கி நிற்கிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து ஆயில் வடிகட்டியில் அடைத்தால் எஞ்சினுக்கே ஆபத்து.

செயின் செட் மாற்றியிருந்தால், லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது உரசிக் கிளிப் கழன்றுவிடும். தொய்வு, பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர். செயின் கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, விரல் விட்டு அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கிளட்ச் லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வெறும் அசைவு வேண்டும். இல்லையென்றால் கிளட்ச் நழுவி பிளேட் கருகும்.

எல்லாவற்றிலும் தாமதமாகத் தெரிவது டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் திருகு. எஞ்சினில் டக் டக் என்று சத்தம் வருகிறது என்று வாடிக்கையாளர் சொன்னதும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லாமல், எஞ்சின் சூடாக இருக்கும்போதே டேப்பெட்டை இறுக்கிவிடுகிறார்கள். சத்தம் நின்றுவிடும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அந்தச் சின்னச் சத்தம் அங்கே இருக்க வேண்டியது. எஞ்சின் ஆறிய நிலையில் மேனுவலில் சொன்ன இடைவெளி, பல 100 சிசி எஞ்சின்களில் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள், இருந்தால்தான் வால்வு தன் இருக்கையில் முழுதாக அமரும். அமரும்போதுதான் அது தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளியே இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல மெல்லக் கருகும். சூட்டில் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது, இழுவை குறையும், ஐடிலிங் நிற்காது. அதற்குள் பல மாதம் ஓடியிருக்கும், அந்த சர்வீஸை யாரும் நினைக்கமாட்டார்கள். சர்வீஸுக்குப் பிறகு எஞ்சின் திடீரென்று ஊமையாகிவிட்டால் சந்தோஷப்படாமல் டேப்பெட்டை ஒருமுறை அளக்கச் சொல்ல வேண்டும்.

தப்பு தெரிந்ததும் வேறு பட்டறைக்குப் போய்விடாதீர்கள். இன்னொருவர் ஸ்பேனர் வைத்துவிட்டால் முதல் ஆள் தப்பை ஒப்புக்கொள்ள வழியே இல்லை. ஓடோமீட்டரும் கசிவும் தெரியும்படி அன்றே போட்டோ எடுத்துக்கொண்டு, அதே மெக்கானிக்கிடம் இடத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும்: “அண்ணே, கவர் போட்டு 60 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. கீழ் போல்ட்கிட்ட கசியுது, நீளம் மாறியிருக்கா பாருங்க.” “வண்டி சரியில்ல” என்று மொட்டையாகச் சொன்னால் துடைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். குறையைக் குறிப்பிட்டால் கழற்றிப் பார்ப்பார்கள்.

முடியாது என்று மறுத்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதியலாம். 2 ஆண்டுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில்லும் ஜாப் கார்டும் இருக்க வேண்டும். சின்னப் பட்டறை என்றால் கையால் எழுதிய சீட்டும் பணம் அனுப்பிய பதிவுமாவது வேண்டும்.

மரை போயிருந்தால் டெஃப்லான் டேப் சுற்றி ஒப்பேற்ற விடாதீர்கள். ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட்டுப் பழைய அளவுக்கே மரை எடுத்துத் தரும் லேத் பட்டறைகள் இருக்கின்றன, அதற்கான செலவு மரையைக் கெடுத்தவருடையது. துளையிடும்போது விழும் அலுமினியத் தூள் எஞ்சினுக்குள் போகாமல் இருக்க, பிட்டில் கிரீஸ் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கொஞ்சம் ஆயிலை ஊற்றிக் கழுவி வடித்துவிட்டு, புது வாஷர் போட்டு, புது ஆயில் ஊற்ற வேண்டும். பிறகு போல்ட் தலையிலும் எஞ்சின் மேலும் சேர்த்து பெயின்டால் ஒரு கோடு. 500 கிலோமீட்டர் கழித்துப் பார்த்தால் கோடு விலகாமல் இருக்க வேண்டும், சுற்றிலும் புழுதி காய்ந்து கிடக்க வேண்டும்.