வெட்டை நோய் மருந்துக்குப் பின்னும் தங்கினால்: கல்ச்சரா, பிசிஆரா, மரபணுத்தொகுதி வரிசையா?

கொனோரியா என்று மருத்துவர்கள் எழுதும் வெட்டை நோய்க்குச் சிகிச்சை பெற்றுச் சென்ற ஒருவர், அதே எரிச்சலோடும் சீழோடும் திரும்பி வந்தால், அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். கிருமி மருந்தை எதிர்த்து நின்றிருக்கலாம்; மருந்து தொண்டை போன்ற இடங்களைப் போதிய அளவில் எட்டாமல் போயிருக்கலாம்; சிகிச்சை பெறாத துணையிடமிருந்தோ புதிய துணையிடமிருந்தோ தொற்று மீண்டும் வந்திருக்கலாம்; அல்லது இப்போதைய தொந்தரவு கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் போன்ற வேறு கிருமியால் வந்திருக்கலாம். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், அதன் டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் பிசிஆர், டிஎன்ஏ முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் மரபணுத்தொகுதி வரிசை ஆகிய மூன்று சோதனைகளில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, இந்த நான்கில் எதை எது பிரித்துக் காட்டும் என்று கேட்பதே பயன் தரும்.

பிசிஆர் நான்காவது காரணத்தை விரைவாகத் தீர்த்துவிடும். சிறுநீரிலிருந்தே செய்யலாம் என்பதும் வசதி. ஆனால் செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது பிடித்துக் காட்டுவதால், சிகிச்சை முடிந்து இரண்டு வாரமாவது ஆகாமல் வரும் 'பாசிட்டிவ்' முடிவை வைத்து மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது. வழக்கமான பிசிஆர், மருந்து எதிர்ப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

கல்ச்சர் பழைய முறை, பொறுமையைச் சோதிக்கும் முறையும்கூட. இந்தக் கிருமி உடலுக்கு வெளியே சீக்கிரம் செத்துவிடும். தேயர்-மார்ட்டின் போன்ற சிறப்பு ஊடகமும் கார்பன் டை ஆக்சைடு மிகுந்த சூழலும் கேட்கும். தொண்டை மாதிரியில் பல நேரம் வளராமலே போகும். ஆயினும் உயிருள்ள கிருமியைக் கையில் தருவது இதுவே. அதன் வளர்ச்சியைத் தடுக்க எவ்வளவு மருந்து வேண்டும் என்று ஈ-டெஸ்ட் பட்டையால் நேரடியாக அளக்கலாம். இந்நோய்க்கு ஊசியாகப் போடும் முதன்மை மருந்தான செப்ட்ரியாக்சோனுக்கு அந்த அளவு லிட்டருக்கு 0.125 மில்லிகிராமைத் தாண்டினால், ஐரோப்பிய அளவுகோலின்படி அது எதிர்ப்புள்ள கிருமி.

மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தலின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய வகைப்பிரிப்பு முறைகளில் ஒன்று இரண்டு மரபணுக்களை மட்டும், இன்னொன்று ஏழு மரபணுக்களை மட்டும் பார்க்க, இது கிருமியின் ஏறத்தாழ 22 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளையும் ஒப்பிடுகிறது. ஆண்டுக்குச் சுமார் மூன்று, நான்கு எழுத்துகளே இயல்பாக மாறுவதால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரு கிருமிகளுக்கிடையே பல நூறு வேறுபாடுகள் இருந்தால், வந்திருப்பது புதிய தொற்று என்று துணிந்து சொல்லலாம். (நைசீரியா என்ற தன் பேரினத்தைச் சேர்ந்த பிற கிருமிகளிடமிருந்து இக்கிருமி டிஎன்ஏ துண்டுகளை வாங்கிக்கொள்ளும் பழக்கமுடையது, அவ்வாறு ஒட்டிய பகுதிகளை நீக்கிவிட்டே எண்ண வேண்டும்.)

கிருமி எங்கிருந்து வந்தது என்ற தடயத்தையும் இது தரும். 2018-இல் இங்கிலாந்தில் ஒருவருக்கு செப்ட்ரியாக்சோனும், பின்னர் ஸ்பெக்டினோமைசினும் தொண்டைத் தொற்றைத் தீர்க்கவில்லை, எர்டாபெனெம்தான் குணமாக்கியது. அவருக்குத் தொற்று தென்கிழக்கு ஆசியாவில் ஏற்பட்டிருந்தது. ஜப்பானில் 2015-இல் கண்டறியப்பட்ட எஃப்சி428 கிருமியிடமுள்ள, செப்ட்ரியாக்சோன் எதிர்ப்புக்குக் காரணமான அதே பென்ஏ-60 மரபணு வடிவம் இதிலும் இருந்ததையும், ஆஸ்திரேலியாவில் கிடைத்த இரு கிருமிகள் இதற்கு மிக நெருக்கமானவை என்பதையும் காட்டியது மரபணுத்தொகுதி வரிசைதான். கல்ச்சர் மட்டும் இருந்திருந்தால் இவை தொடர்பற்ற மூன்று கெட்ட செய்திகளாகவே நின்றிருக்கும்.

எதிர்ப்பை முன்கூட்டிச் சொல்வதில் இதன் நம்பகம் மருந்துக்கு மருந்து மாறும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு கைர்ஏ மரபணுவின் 91-ஆம் இடத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். அசித்ரோமைசினில் சிக்கல் உண்டு: இம்மருந்து பற்றும் பகுதியை உருவாக்கும் 23எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு நான்கு பிரதிகளாக இருக்கிறது, எத்தனை பிரதிகள் மாறியுள்ளன என்பதே எதிர்ப்பின் அளவைத் தீர்மானிக்கிறது, ஒரே மாதிரியான நான்கையும், டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் குறுந்துண்டு வரிசைப்படுத்தல் ஒன்றாகக் குவித்துவிடுவதால், விகிதத்தைக் கணக்கிட்டே அதை அறிய முடியும். செப்ட்ரியாக்சோனுக்கோ பென்ஏ-வோடு வேறு மாற்றங்களும் சேர்ந்து வேலை செய்வதால், மரபணுவைப் படித்தவர்களும் கடைசியில் ஈ-டெஸ்ட் எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

வரிசைப்படுத்தலின் ஆர்வலர்கள் அதிகம் பேசாத குறை ஒன்று உண்டு. இரு வரிசைகளும் அச்சு அசலாக ஒத்திருந்தால் மருந்து தோற்றது என்று பொருளாகிவிடாது. சிகிச்சை பெறாத அதே துணையிடமிருந்து அதே கிருமி திரும்பி வந்தாலும் முடிவு இப்படித்தான் இருக்கும். இதைப் பிரிக்கக்கூடியது, எதிர்ப்பு அளவோடு சேர்த்துப் பார்க்கும், துணையைப் பற்றி நோயாளியோடு நடத்தும் நேர்மையான பேச்சு மட்டுமே. தில்லியில் வேலை செய்யும் தமிழர் ஒருவரிடம் இந்தியில், வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி, "துணைக்கும் மருந்து கொடுத்தீர்களா?" என்று கேட்டால் 'ஹாங்' (ஆமாம்) என்றுதான் பதில் வரும், அந்த ஒரு சொல்லை எந்த இயந்திரமும் திருத்தாது.

தில்லியில் உண்மையான போட்டி இம்மூன்றுக்கும் இடையே இல்லை. இங்கே சப்தர்ஜங் மருத்துவமனையில், தென்கிழக்கு ஆசியாவுக்கான கொனோரியா எதிர்ப்புக் கண்காணிப்பின் ரெஃபரன்ஸ் ஆய்வகமாக, அதாவது பிற ஆய்வகங்களின் முடிவுகளை உறுதிசெய்யும் இடமாகச் செயல்படும் பால்வினை நோய் மையம் இருக்கிறது; கோவிட் காலத்தில் பெருகிய வரிசைப்படுத்தும் வசதியும் இருக்கிறது. இல்லாதது, மருந்து கொடுக்கும் முன் எடுத்த முதல் மாதிரி. அறிகுறியை மட்டும் பார்த்து, சாம்பல் நிறப் பொட்டலத்தில் 1 கிராம் அசித்ரோமைசினும் 400 மில்லிகிராம் செஃபிக்சிமும் கொடுத்தனுப்புவதே அரசு மையங்களில் நெடுங்கால நடைமுறை. பலர் அதற்கும் முன்பே மருந்துக்கடையில் வாங்கி விழுங்கியிருப்பார்கள். நோய் உடனே அடங்க வேண்டும் என்ற வகையில் அந்த நடைமுறையில் நியாயம் உண்டு. ஆனால் அவர் திரும்பி வரும்போது, கையிலுள்ள ஒரே வரிசையை எதனோடு ஒப்பிடுவது?

ஆகவே ஒரு மருத்துவமனையிடம் இவற்றில் ஒன்றுக்கே பணம் இருக்குமானால், நான் கல்ச்சரைத் தேர்வேன்: மருந்து கொடுக்கும் முன் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து, வளர்ந்ததை மைனஸ் 70 டிகிரியில் சேமித்து வைத்தால், திரும்பி வரும் சிலருக்காக மட்டும் இரு கிருமிகளையும் வரிசைப்படுத்த வெளி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். தொண்டையிலிருந்தும் ஒரு குச்சி எடுப்பது நல்லது. சிகிச்சை தோற்ற நிகழ்வுகளில் பெரும்பாலானவை அங்கேதான் நடந்திருக்கின்றன.