நேரம் தவறிச் சாப்பிடுகிறவர்களுக்கு எந்த இன்சுலின்? இரண்டு வகையும் போட்டுப் பார்த்த அனுபவம்

சுகருக்கு இன்சுலின் போடுகிறவன் நான். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எனக்கு மல்லிகை வியாபாரம். விடியற்காலை இரண்டரைக்கு எழுந்தால்தான் மூன்றரைக்குக் கடையில் நிற்க முடியும். காலை டிபன் சில நாள் ஏழரைக்கு, சில நாள் பத்துக்கு. முகூர்த்த நாள் வந்துவிட்டால் மதியச் சாப்பாடு மூன்று மணியைத் தாண்டும். முதலில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓர் இன்சுலின் எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்குகிறது, எப்போது அடங்குகிறது என்பது நம் சாப்பாட்டு நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். அது ஒத்துப்போகாமல் நான் ஆறு வருடம் கஷ்டப்பட்டேன்.

அந்த ஆறு வருடமும் போட்டது 30/70 மிக்ஸ். ஒரே குப்பியில் முப்பது பங்கு ரெகுலர், எழுபது பங்கு என்பிஎச் என்று இரண்டு வகை இன்சுலின். ரெகுலர் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், ஆறு எட்டு மணி நேரத்தில் அடங்கும். என்பிஎச் மெதுவானது. அதன் வேகம் கூடுவதே நாலு மணி நேரத்துக்கு மேல்தான். பத்து மணி நேரம் வரைகூட அந்த வேகம் குறையாது. குப்பியை வைத்த இடத்தில் வெள்ளையாக அடியில் தங்கிவிடும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பத்துத் தடவை உருட்டி, முழுக்க மோர் மாதிரி ஆன பிறகுதான் ஊசியில் ஏற்ற வேண்டும். குலுக்கினால் நுரை வந்து அளவு தப்பும். விலை குறைவு, நாளைக்கு இரண்டே ஊசி. இதெல்லாம் நல்ல விஷயங்கள்தான்.

ஆனால் காலையில் போட்ட ஊசி மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் போட்டதாகிறது. ஒரு மணிக்குச் சாப்பிடுவேன் என்று காலையிலேயே வாக்குக் கொடுத்துவிட்ட மாதிரி. ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. மணி இரண்டு இருக்கும். எடை போட்டுக்கொண்டிருக்கிறேன், தராசில் எண் தெரிகிறது, ஆனால் அது என்ன எண் என்று புரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை நடுங்கிப் பூ கீழே கொட்டிவிட்டது. பக்கத்துக் கடை அக்கா ஓடி வந்து, "என்ன தம்பி, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு, சாப்பிட்டியா இல்லையா?" என்றார். பையில் இருந்த சுகர் மெஷினில் பார்த்தால் 52தான், ரொம்பக் குறைவு. டீக்கடையில் மூன்று ஸ்பூன் சீனி வாங்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. ராத்திரியிலும் இதே கதைதான். ஏழு மணிக்கு ஊசி போட்டுச் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குப் படுத்தால், நடுச்சாமத்தில் பனியன் நனைந்து எழுந்திருப்பேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "ஒரு வாரத்துக்கு எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்கன்னு மட்டும் எழுதிட்டு வாங்க" என்றார். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் மருந்தை மாற்றினார்: ராத்திரி ஒரு கிளார்ஜின், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஓர் அஸ்பார்ட். இரண்டும் வேறு வகை இன்சுலின்கள்.

கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். தோலுக்கடியில் போனதும் கண்ணுக்குத் தெரியாத மணிகளாக உறைந்து, வாயில் அடக்கிய கற்கண்டு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதனால் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் ஏறக்குறைய 24 மணி நேரம் ஓடுகிறது. தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். வேறு எந்த இன்சுலினோடும் ஒரே ஊசியில் கலக்கக் கூடாது. இது வந்த பிறகு ராத்திரி வியர்வை நின்றது. எனக்கு அது ஒன்றே போதும்.

அஸ்பார்ட் வேகக்காரன். பத்து இருபது நிமிடத்தில் தொடங்கும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் உச்சம், மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். இட்லி கண்ணெதிரே வந்த பிறகு போடலாம். முன்பு ஊசி போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கும்போதுதான் மூன்று வண்டி பூ வந்து இறங்கும். இப்போது சாப்பாடு தள்ளிப்போனால் ஊசியும் தள்ளிப்போகிறது. போன ஆவணியில் ஒரு நாள் மதியம் மூன்றே காலுக்குச் சாப்பிட்டேன். அதுவரை சுகர் 118க்குக் கீழே இறங்கவில்லை.

குறையும் உண்டு. செலவு மிக்ஸைவிடப் பல மடங்கு. நாளைக்கு நாலு குத்து. ராத்திரி கறிதோசை சாப்பிட்டால் கொழுப்பினால் சுகர் தாமதமாக ஏறுகிறது. அதற்குள் அஸ்பார்ட் முடிந்துவிடுவதால் விடியற்காலையில் கூடுதலாகக் காட்டுகிறது. அதைப் பார்த்துப் பதறி அடுத்தடுத்து ஊசி போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, திடீரென்று இறங்கிவிடும். நான் போடுவதில்லை. அளவையெல்லாம் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, இந்த இரண்டையும் நான் போடுவது பேனா வடிவ ஊசியில். இரண்டு பேனாவும் பார்க்க ஒரே மாதிரி. ராத்திரிப் பேனாவில் வாழைநாரை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறேன். இருட்டில் விரல் பட்டாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் இரண்டு யூனிட் வெளியே தள்ளி, ஊசி முனையில் சொட்டு வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். குத்திய பிறகு பத்து எண்ணிவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன்.

பேனா ரிப்பேரானால் அதற்குள் இருக்கும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜிலிருந்து சாதா சிரிஞ்சில் உறிஞ்சிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம்மூரில் குப்பி மில்லிக்கு 40 யூனிட், பேனா 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கானது. பேனா மருந்தை அதில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

மதுரை வெயிலுக்கு ஒரு வார்த்தை. திறக்காததை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. பயன்பாட்டில் இருக்கும் என் பேனாக்கள் 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் வரை தாங்கும். சித்திரையில் கடையில் அந்தக் குளுமை ஏது? ஒரு தடவை பூ அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் மேலேயே வைத்துவிட்டேன். உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலைக்கு ஆகாது என்று சொல்லி, நர்ஸம்மா அதைத் தூக்கிப் போடச் சொன்னார். இப்போது ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள் ஒரு சின்னக் கலயத்தை இறக்கி, அதில் பேனாவை வைக்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கு வயது 74. காலை எட்டு, மதியம் ஒன்று, ராத்திரி ஏழரை. சாப்பாடு ஒரு நிமிடம் பிசகாது. அவருக்கு இன்றைக்கும் அதே 30/70 மிக்ஸ்தான், ஒரு தடவைகூட மயக்கம் வந்ததில்லை. மாற்றச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. ராத்திரி ஏழு மணிக்கு அந்தக் குப்பியை உருட்டி அவருக்கு ஊசி போட்டுவிடுவது நான்தான்.