தோட்டப் பள்ளிக்கு இணையம்: சிம் ரவுட்டரா, சாட்டிலைட் தட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில், ஃபைபர் எட்டாத தமிழ்ப்பள்ளிக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் கைகொடுக்கும்.

4ஜி சிம் ரவுட்டருக்கு முன்பணம் குறைவு. மாதக் கட்டணத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கமே சமாளிக்கலாம். ஆனால் மழையில் நனைந்த செம்பனை ஓலை சிக்னலைக் குடித்துவிடும். ஆண்டெனாவை ஓலைக்கு மேலே கம்பத்தில் ஏற்றுங்கள், கேபிள் நீளக் கூடாது. 'அன்லிமிடெட்' என்றாலும் ஹாட்ஸ்பாட் கோட்டாவை, அதாவது மற்ற கருவிகளுக்குப் பகிரக்கூடிய டேட்டா அளவைப் பாருங்கள். பழைய 3ஜி மோடத்தை நன்கொடையாக வாங்காதீர்கள். 2021 இறுதியோடு அந்தச் சேவை நின்றுவிட்டது.

2023இல் மலேசியாவுக்கு வந்த சாட்டிலைட் இணையச் சேவையான ஸ்டார்லிங்கிற்குத் திறந்த வானம் வேண்டும். அடைமழையில் விட்டுவிட்டு வரும். தட்டு வாங்கித் தர ஆள் கிடைப்பார், மாதச் சந்தாவுக்குத்தான் கிடைக்கமாட்டார். அதனால் நன்கொடை கேட்கும்போதே தட்டு, மின்னல் காப்பு, 24 மாதச் சந்தா மூன்றையும் ஒரே தொகையாகக் கேளுங்கள்.

வகுப்பு நேரத்தில் கூரையில் வேகம் சோதித்து, 20 Mbps (நொடிக்கு 20 மெகாபிட்) நிலையாகக் கிடைத்தால் சிம்மே போதும்.