ஒரு சொல்லை வைத்து ஓர் அகராதியை அளந்தால்: ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, இணையப் பதிப்பு

ஓர் அகராதி எவ்வளவு பெரியது என்பதை அதில் உள்ள அரிய சொற்களைக் கொண்டு மதிப்பிடுபவர்கள் உண்டு. அரிய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும். தேர்ந்த ஆசிரியர் எவரும் அதை நான்கு வரிகளில் எழுதிவிடுவார். அகராதியின் உண்மையான திறம், ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தை முதல் ஆண்டிலேயே கற்றுவிடுகிற சின்னஞ்சிறு வினைச்சொற்களில்தான் வெளிப்படுகிறது. ஆகவே ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இணையப் பதிப்பை மதிப்பிட, 'ரன்' என்ற ஒற்றை வினைச்சொல்லின் பதிவைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை படித்தேன். அது ஒரு சொல்லுக்கு எழுதப்பட்ட விளக்கம் என்பதைவிட, ஒரு நூலுக்கு நிகரான ஆய்வு என்று சொல்வதே பொருத்தம்.

இத்தகைய சொற்கள் அகராதிக்காரர்களை எப்போதும் வதைத்திருக்கின்றன. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையில், தம் உழைப்பைப் பெரிதும் கூட்டிய வினைச்சொற்கள் என்று ஒரு பட்டியலே தருகிறார். அதில் 'ரன்' இருக்கிறது, 'செட்', 'கோ', 'டேக்', 'மேக்' ஆகியனவும் இருக்கின்றன. இவற்றின் பொருள் நெகிழ்ந்தும் பரந்தும் கிடப்பதால், எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது அரிது என்பதே அவருடைய முறையீடு. இரண்டரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்த முறையீடு செல்லுபடியாகிறது. 20 தொகுதிகளாக 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற வினைக்கு உரியது. ஏறத்தாழ 60,000 சொற்களில், 430 பொருள்களும் அவற்றுக்கு மேல் தொடர்வழக்குகளும் விளக்கப்பட்டிருந்தன. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணி இணையத்தில் 2000 முதல் வெளிவரத் தொடங்கியதும் முதலிடம் 'மேக்' என்ற சொல்லுக்குப் போயிற்று, 2007-இல் 'புட்' அதைப் பெற்றது, 2011-இல் 'ரன்' எல்லாவற்றையும் கடந்தது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு பதிவைச் சீர்செய்ய ஒன்பது மாதங்களுக்கு மேல் செலவிட்டார்.

எண்ணிக்கை வியப்பூட்டலாம், ஆனால் இந்தப் பதிவின் மதிப்பு அதில் இல்லை, அடுக்கப்பட்டிருக்கும் முறையில் இருக்கிறது. இது வரலாற்று அகராதி. எந்தப் பொருள் இன்று அதிகம் வழங்குகிறது என்று பார்க்காமல், எது முதலில் எழுத்தில் கிடைக்கிறது என்று பார்த்துப் பொருள்களைக் கிளை கிளையாகப் பிரித்து வைக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே, அது கையாளப்பட்ட வாக்கியங்கள் ஆண்டுக் குறிப்போடு வரிசையாக நிற்கின்றன. ஆசிரியர் தாமாக இட்டுக்கட்டிய எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றுகூட இல்லை. பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் மனிதரும் விலங்கும் ஓடுவதை மட்டும் குறிக்கவில்லை. நீர் ஓடுவதையும் குறித்தது. இதன் உறவுச் சொல்லாகிய ஜெர்மன் 'ரின்னன்' இன்றும் ஒழுகுவதையே சுட்டுகிறது. மூக்கு ஒழுகுவது, துணியின் சாயம் கலங்கிப் பரவுவது, மெழுகு உருகி வழிவது ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலேயர் ஏன் ஓடும் வினையைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது. இந்தப் பொருள்கள் பின்னாளில் ஒட்டவைத்த உருவகங்கள் என்று நாம் எண்ணக்கூடும். உண்மையில் சொல்லின் அடிவேரிலேயே நீரோட்டம் இருக்கிறது.

நான் நெடுநேரம் நின்று படித்த பகுதி இயந்திரங்களைப் பற்றியது. கடிகாரம், ஆலை, நீராவி எந்திரம், தண்டவாளத்தின் மேல் வண்டி, கால அட்டவணைப்படி ரயில், பின்னர் மின்சாரம், திரைப்படம், கணினி நிரல் என்று தொழிற்புரட்சியும் அதன் பின்வந்த காலமும் உருவாக்கிய ஒவ்வொரு புதுமையும் இந்தப் பழைய வினையையே தனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. புதிய கருவிக்குப் புதுப் பெயர் வைத்த ஆங்கிலேயர், அது இயங்குவதைச் சொல்ல மட்டும் வீட்டில் கிடந்த சொல்லையே எடுத்தார்கள். கருவி ஓடியது போதாதென்று அதை ஓட்டுகிறவரும் தொடரில் நுழைந்தார்; வண்டியை ஓட்டுவது ஆலையை ஓட்டுவதாயிற்று, பின்பு கடையையும் பள்ளியையும் நாட்டையும் ஓட்டுவதாயிற்று. நாம் கடையை நடத்துகிறோம். அவர்கள் அதே கடையை ஓட்டுகிறார்கள். இந்த வளர்ச்சியை ஆண்டு வரிசையில், சான்று வாக்கியங்களின் வழியே, கண்முன் காணும் வாய்ப்பை வேறு எந்த ஆங்கில அகராதியும் இவ்வளவு நிறைவாகத் தருவதில்லை.

வழக்கிழந்த பொருள்களையும் இது கைவிடுவதில்லை; அவற்றைக் குறியிட்டுக் காட்டுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ரன்' செய்யப்பட்ட தேயிலை, பிராந்தி என்றால் சுங்கம் செலுத்தாமல் கடத்தி வந்த சரக்கு என்று பொருள். அந்தக் காலத்து ஆவணங்களைத் தமிழில் பெயர்ப்பவர் இதை அறியாவிட்டால், தேயிலை எங்கே ஓடியது என்று திகைத்து நிற்க வேண்டியதுதான். நாட்டு வேறுபாடுகளும் குறிக்கப்படுகின்றன. அமெரிக்க வேட்பாளர் பதவிக்கு ஓடுகிறார், பிரிட்டிஷ் வேட்பாளர் தேர்தலில் நிற்கிறார். இவ்விரண்டையும் ஒரே செய்திப் பக்கத்தில் மொழிபெயர்க்க நேரும் பத்திரிகையாளருக்கு அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

பெயர்ச்சொல்லுக்குத் தனிப் பதிவு இருக்கிறது. அதைத் தேடுபவர் வினைப் பதிவிலேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. கிரிக்கெட் ஓட்டம், கோழிகள் உலவும் அடைப்பு, ஒரே தடவையில் அச்சிடும் படிகள், வைப்புத் தொகையைத் திரும்பப் பெற மக்கள் வங்கியை மொய்ப்பது ஆகியவை அங்கே வருகின்றன. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் முன்னே வாடிக்கையாளர்கள் நீண்ட வரிசையில் நின்றதை உலகச் செய்தித்தாள்கள் இந்தப் பெயராலேயே எழுதின. அங்கே ஒருவரும் ஓடவில்லை, எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆயினும் சொல் மிகச் சரியானது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் கற்பவருக்கு இந்த அகராதி உகந்ததன்று. இன்று மிகுதியாக வழங்கும் பொருள், பல நூற்றாண்டுப் பொருள்களைத் தாண்டிய பிறகே கண்ணில் படுகிறது. 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் சந்திப்பது என்று அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய மாணவர், தொடர்வழக்குகளின் நீண்ட வரிசைக்குள் இறங்க வேண்டியிருக்கும். அவருக்கு உரியவை வேறு அகராதிகள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, டோக்கியோவில் 1942-இல் வெளியிட்ட நூலே 1948-இல் ஆக்ஸ்போர்டின் பதிப்பாக வந்து, இன்று நம் மாணவர்கள் கையில் இருக்கும் மாணவர் அகராதியாக வளர்ந்தது. வினை எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987-இல் வந்த கோபில்டு அகராதி, பொருளை முழு வாக்கியமாகவே விளக்குவதால் தொடக்க நிலையினருக்கு இன்னும் எளிது. எந்தப் பொருள் எப்போது பிறந்தது என்பதை அவை சொல்வதில்லை. சொல்வது அவற்றின் வேலையும் அன்று.

வேறொன்றையும் கவனிக்க வேண்டும். திருத்தப் பணி இன்னும் முடியவில்லை. 'ரன்' முழுமையாகச் சீர்செய்யப்பட்ட பதிவு. எல்லாப் பதிவுகளும் அப்படி அல்ல. சில பதிவுகளில் 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்த முதற்பதிப்பின் விளக்கம் சிறு மாற்றங்களோடு நிற்கிறது. ஒவ்வொரு பதிவும் எப்போது திருத்தப்பட்டது என்ற குறிப்பு தளத்திலேயே தரப்படுகிறது; மேற்கோள் காட்டப் போகிறவர்கள் அதை முதலில் பார்ப்பது நல்லது.

முழுப் பதிவையும் மேற்கோள்களையும் படிக்கச் சந்தா தேவை. தனியாள் சந்தா நம் ஊர் வருமானத்துக்குக் கனமானது என்பதால், பல்கலைக்கழக நூலகத்தின் வழியே அணுகல் உள்ளவர்கள் அதையே பயன்படுத்தலாம். மொழிபெயர்ப்பாளர், ஆங்கில இலக்கிய ஆசிரியர், பழைய ஆவணங்களோடு பழகும் ஆய்வாளர் ஆகியோருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பரப்பைக் கண்டு மலைப்பவர்கள் 645 பொருள்களையும் வரிசையாகப் படிக்க முயல வேண்டாம். இயந்திரம் தொடர்பான கிளையை மட்டும் திறந்து, அதன் மேற்கோள்களைப் பழையதிலிருந்து புதியதற்கு ஒரு மாலைப்பொழுதில் படித்துப் பாருங்கள்.