ஏற்காட்டில் இரண்டு இரவா, கோவையில் ஒரு பகலா?

கட்டுமானத் துறையில் தலைமைப் பொறுப்பில் இருக்கும் கொங்குப் பெண்கள் ஒன்றுகூடத் திட்டமிட்டால், எங்கே கூடுவது என்பதுதான் முதல் கேள்வி.

கோவையில் ஒரு நாள் அரங்கு எடுத்தால் செலவு குறைவு. ஈரோடு, திருப்பூர், கரூரிலிருந்து காலையில் பஸ் ஏறி இரவுக்குள் வீடு திரும்பலாம். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இதுவே வசதி. சட்டங்களை விளக்கவும் ஒரு பகல் போதும்: பத்துப் பேர் பணிபுரியும் இடத்திலேயே உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கிறது பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம். 50க்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் இருந்தால் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது, 2025 வரை நடப்பில் இருந்த 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் ஏற்காட்டில் நடப்பது வேறு. அரங்கில் மேஸ்திரியின் அழைப்பு வந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். மலையில் இரவு உணவுக்குப் பிறகும் தொடரும். நிலுவையில் கிடக்கும் பில், டெண்டரில் எந்த விலையை எப்படிக் கணக்கிட்டேன் என்ற விவரம், "சார் எப்போது வருவார்?" என்று பொறியாளரான தன்னிடமே கேட்டவருக்குச் சொன்ன பதில் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். மூத்தவர், "கண்ணு, அந்த ஒப்பந்தத்தை எடுத்து வா, பார்க்கலாம்" என்று உட்காருவதற்கு நேரம் வேண்டும். எனக்கு அந்த நேரமே பெரிது. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஏற்காடு என்பேன்.

சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா இருக்கும். ஆகவே ஞாயிறு காலை கிளம்புங்கள். புதிதாகத் தொழில் தொடங்கியவர்களின் அறை வாடகையை மூத்தவர்கள் பகிர்ந்துகொள்ளட்டும்.