95 சதவீதக் குர்குமின் கேப்சூல்: டப்பா சொல்வதும் செல்களில் தெரிவதும்

மஞ்சள் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த குர்குமினுடன் மிளகின் காரச் சேர்மமான பைப்பரினைச் சேர்த்து விற்கப்படும் கேப்சூல் ஒன்றை இங்கே மதிப்பிடுகிறேன். ஏறத்தாழ இதே கலவையைப் பல நிறுவனங்கள் இதே வாசகங்களோடு விற்பதால், தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம் மஞ்சள் சாறும் 5 மில்லிகிராம் பைப்பரினும் இருக்கின்றன. சாற்றில் 95 சதவீதம் குர்குமினாய்டுகள். நாளொன்றுக்கு இரண்டு கேப்சூல்கள் உட்கொள்ள வேண்டும் என்பது பரிந்துரை. நோயெதிர்ப்புச் செல்களில் அழற்சியைக் கட்டுப்படுத்துவது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்று முகப்பிலும், உடலில் சேரும் அளவு 2000 சதவீதம் அதிகம் என்று பக்கவாட்டிலும் அச்சிட்டிருக்கிறார்கள். தாவரச் சேர்மங்களை நோயெதிர்ப்புச் செல்களில் இட்டுச் சோதிப்பதே என் அன்றாட வேலை என்பதால், இந்த இரண்டு வாசகங்களும் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதை விரிவாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் உள்ளடக்கம். கேப்சூலைப் பிரித்தால் ஆரஞ்சு சாயல் கொண்ட அடர்மஞ்சள் தூள் இருக்கிறது. தண்ணீரில் தூவினால் கரையாமல் மிதந்து, கலக்கிவிட்டாலும் சற்று நேரத்தில் படிந்துவிடுகிறது. எத்தில் ஆல்கஹாலில் தெளிந்த மஞ்சளாகக் கரைகிறது. காரத்தன்மை உள்ள சோப்பு நீரில் செம்பழுப்பாக மாறுகிறது. இவை குர்குமினாய்டுகளுக்கு உரிய இயல்புகள்தாம். ஆனால் தூய்மையை இவை காட்டா. அதற்குக் கலவையில் உள்ள சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் உயர்திறன் திரவ நிறச்சாரல் பிரிப்புச் சோதனை வேண்டும். 95 சதவீதம் என்ற எண்ணும் ஒரே சேர்மத்தைக் குறிப்பதன்று. வணிகச் சாறுகளில் குர்குமின் முக்கால் பங்கு அளவிலும், எஞ்சியவை அதன் நெருங்கிய உறவுச் சேர்மங்களான டீமெத்தாக்ஸிகுர்குமினும் பிஸ்டீமெத்தாக்ஸிகுர்குமினுமாகவும் இருப்பது வழக்கம். மஞ்சளின் நிறத்தைக் கூட்ட ஈயக் குரோமேட் கலக்கப்பட்ட நிகழ்வுகள் உறுதிப்பட்டிருக்கும்போது, தொகுதி எண் வாரியாக ஈய அளவைச் சோதித்த சான்றை இந்த நிறுவனம் வெளியிடாதது பெரிய குறை.

இனி முகப்பு வாசகத்துக்கு வருகிறேன். இதன் பின்னால் இருப்பது மெய்யான அறிவியல்தான். நுண்ணுயிரின் மேலுறையில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு, மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கிச் செல்லின் டோல்-4 ஏற்பியைத் தூண்டும்போது, செல்லுக்குள் கட்டிவைக்கப்பட்டிருக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் விடுபட்டு உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கே அழற்சியைத் தூண்டும் புரதங்களான டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதி முதலியவற்றுக்கான மரபணுக்களை இயக்கிவிடுகிறது. இந்த விடுவிப்பைக் குர்குமின் தடுப்பதைப் பல ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. இதைப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் பயன்படுவது, சுண்டெலியிலிருந்து பெறப்பட்டு 1978 முதல் புழக்கத்தில் உள்ள ரா 264.7 என்ற மேக்ரோஃபேஜ் செல்வரிசை. 96 குழிகள் கொண்ட தட்டில் செல்களை வளர்த்து, தூண்டலுக்கு மறுநாள் ஊடகத்தை எடுத்து, நைட்ரிக் ஆக்சைடு உருவான அளவை நிறத்தால் காட்டும் கிரீஸ் வினைப்பொருளைச் சேர்த்தால், தூண்டப்பட்ட குழிகள் அடர் இளஞ்சிவப்பாகும். குர்குமின் இட்ட குழிகளில் அளவு கூடக் கூடச் சிவப்பு வெளுத்துக்கொண்டே போகும். வரிசையாக நிறம் இறங்குவதைக் காணும்போது, மருந்தே கைக்கு வந்துவிட்டது போன்ற நம்பிக்கை எவருக்கும் எழும்.

அந்த நம்பிக்கைக்கு முன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இறந்துபோன செல்லும் நைட்ரிக் ஆக்சைடை உருவாக்காது. ஆகவே அதே அளவில் செல்கள் உயிரோடு இருந்தனவா என்பதைத் தனியே சோதித்துக் காட்டாத முடிவுக்கு மதிப்பில்லை. குர்குமின் தானே நிறமி என்பதாலும், ஒளிர்வதாலும், பல புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்வதாலும், சோதனைகளில் பொய்யான நேர்விடை தரும் சேர்மங்களின் பட்டியலில் அதை மருந்து வேதியியலாளர்கள் சேர்த்திருக்கிறார்கள். 2017இல் வெளியான விரிவான திறனாய்வு ஒன்று இதை எடுத்துக்காட்டுகளோடு விளக்கியது. மேலும் அது நிலைத்து நிற்கும் பொருளும் அன்று. சீரம் இல்லாத ஊடகத்தில், உடல் வெப்பத்தில், ஏறத்தாழ நடுநிலையான அமிலக்காரத் தன்மையில், அரை மணி நேரத்துக்குள் அதில் 90 சதவீதம் சிதைந்துவிடுகிறது. அப்படியானால் மறுநாள் நாம் அளப்பது குர்குமினின் விளைவையா, அதன் சிதைவுப் பொருள்களின் விளைவையா என்பது நியாயமான ஐயமே. இவை போதாதென்று, சுண்டெலியின் மேக்ரோஃபேஜ்கள் அள்ளிக் கொட்டும் அளவுக்கு மனித மேக்ரோஃபேஜ்கள் வளர்ப்புத் தட்டில் நைட்ரிக் ஆக்சைடைத் தருவதில்லை. இவற்றில் எதையும் டப்பாவில் எழுத இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிரூபிக்கப்பட்டது என்ற சொல்லை அச்சிட மட்டும் இடம் இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது செறிவு. தட்டில் இந்த விளைவைக் காணப் பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) வரை குர்குமின் தேவைப்படுகிறது. வாய்வழியே உட்கொண்டால் அதில் மிகச் சிறு பகுதியே குடலைத் தாண்டுகிறது. தாண்டியதையும் குடற்சுவரும் கல்லீரலும் நீரில் எளிதில் கரையும் குளுக்குரோனைடாகவும் சல்பேட்டாகவும் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. இந்த மாற்றத்தைப் பைப்பரின் தடுக்கிறது என்பதே பக்கவாட்டு வாசகத்தின் அடிப்படை. 2000 சதவீதம் என்ற எண் 1998இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வருகிறது. 2 கிராம் குர்குமினை மட்டும் உட்கொண்ட தன்னார்வலர்களின் இரத்தச் சீரத்தில் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 0.006 மைக்ரோகிராமாக இருந்தது. 20 மில்லிகிராம் பைப்பரினோடு உட்கொண்டபோது அது 0.18 மைக்ரோகிராமானது. கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததைப் பெருக்கியதால்தான் சதவீதம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. 0.18 மைக்ரோகிராம் என்பது ஏறத்தாழ 0.5 மைக்ரோமோலார், அதாவது தட்டில் பலன் காட்டிய மிகக் குறைந்த செறிவில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் சிறிது நேரத்துக்கு மட்டும். அதே ஆய்வில் எலிகளிடம் கிடைத்த உயர்வு 154 சதவீதமே. இந்தக் கேப்சூலில் இருப்பதோ அந்த ஆய்வில் கொடுத்த குர்குமினிலும் பைப்பரினிலும் கால் பங்குதான். அவ்வளவு குறைந்த பைப்பரின் அதே விகிதத்தில் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள எந்த முகாந்தரமும் இல்லை.

அப்படியென்றால் இது வீண் பொருளா என்று கேட்டால், அப்படியும் சொல்ல மாட்டேன். 2020இல் வெளியான ஆய்வில், முழங்கால் மூட்டுத் தேய்மானமும் மூட்டில் நீர்கோத்த அழற்சியும் இருந்த 70 பேரில் ஒரு பாதியினருக்கு மஞ்சள் சாறும் மறு பாதியினருக்குப் போலி மாத்திரையும் 12 வாரங்கள் கொடுத்தார்கள். 100 மில்லிமீட்டர் வலி அளவுகோலில் சாறு பெற்றவர்களுக்குக் கூடுதலாக 9.1 மில்லிமீட்டர் குறைந்தது. ஆனால் ஸ்கேனில் அளந்த நீர்கோப்பில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. வலி ஓரளவு தணிந்தது, அழற்சி தணிந்ததாகத் தெரியவில்லை. டப்பாவின் வாசகமோ நேர்மாறாக அழற்சியைத்தான் முன்னிறுத்துகிறது. மூட்டு வலிக்குச் சிறிது ஆறுதல் தரக்கூடும் என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு மறுப்பு இருந்திருக்காது.

இன்னொரு சான்றை இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். குர்குமினில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கிவிடுகிறது. குடற்சுவரிலும் நோயெதிர்ப்புச் செல்கள் மிகுதியாகக் குடியிருக்கின்றன. பெருங்குடல் புண் அழற்சி நோய்க்கு மெசலமின் மருந்து பெற்றும் குணமடையாத 50 நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 3 கிராம் குர்குமின் சேர்த்துப் பெற்ற 26 பேரில் 14 பேருக்கு ஒரு மாதத்தில் நோய் தணிந்தது. போலி மாத்திரை பெற்ற 24 பேரில் ஒருவருக்குக்கூடத் தணியவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இரத்தத்தைத் தேடி ஓடாமல், சேர்மம் எங்கே செறிந்து கிடக்கிறதோ அங்கே தேடிய ஆய்வு என்பதால் அதன் தர்க்கம் எனக்கு வலுவாகப் படுகிறது. அந்த 3 கிராமை எட்ட இந்தக் கேப்சூலில் ஆறுக்கு மேல் வேண்டும். மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

தாவரச் சேர்மம் என்றாலே மென்மையான துணை உணவு என்ற எண்ணத்தையும் இங்கே மறுத்தாக வேண்டும். செங்காந்தள் கிழங்கில் உள்ள கோல்கிசின், நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் உள்சட்டகமான நுண்குழல்களைக் கலைத்து, அவை அழற்சி இடத்துக்கு நகர்வதை உண்மையாகவே தடுக்கிறது. யூரிக் அமிலம் படிவதால் வரும் கீல்வாதத்துக்கு (கவுட்) மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்து அது, 2023இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதய நோய்க்கும் அதை அனுமதித்தது. அதே கோல்கிசின் அளவு மீறினால் உயிரைப் பறிக்கும். செல்லில் வலுவாக வேலை செய்யும் பொருளுக்கு அளவும் எச்சரிக்கையும் இன்றியமையாதவை.

இந்தக் கேப்சூலில் எச்சரிக்கை என்று எதுவும் இல்லை. உணவு நிறமியாகக் குர்குமினுக்கு உலகளவில் ஏற்கப்பட்ட தினசரி வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 180 மில்லிகிராம். இரண்டு கேப்சூல்களில் உள்ளே போவது 950 மில்லிகிராம். குறுகிய கால ஆய்வுகளில் இதைவிட அதிகம் கொடுத்திருக்கிறார்கள் என்பது மெய்தான்; மாதக் கணக்கில் தானாக வாங்கி உட்கொள்வது வேறு. 2019இல் இத்தாலியில் மஞ்சள் சாற்றுத் தயாரிப்புகளோடு தொடர்புடைய கல்லீரல் அழற்சி பலருக்கு வந்தது. 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மஞ்சள் தயாரிப்புகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரில் ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். 7 பேரிடம் எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது. இத்தகைய பாதிப்பு அரிது. ஆனால் கல்லீரல் நொதிகளைத் தடுத்து உறிஞ்சலைக் கூட்டுவதையே விற்பனை வாசகமாக்கும் தயாரிப்பில் அதைச் சொல்லாமல் விட்டது ஏற்கத்தக்கதன்று. அதே தடுப்பால் வேறு மருந்துகளின் இரத்த அளவையும் பைப்பரின் உயர்த்தக்கூடும்.

உள்ளடக்க அளவுகளை மறைக்காமல் எழுதியிருப்பதும், கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் உணவோடு உட்கொள்ளச் சொல்லியிருப்பதும் நல்லவை. ஐந்தில் இரண்டு புள்ளிகள் தருகிறேன். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களும், பித்தப்பைக் கல் உள்ளவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் இதை வாங்க வேண்டாம். மூட்டு வலிக்காக மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சில வாரங்கள் பார்க்க விரும்புபவர்கள் பைப்பரின் சேராத வகையைத் தேர்ந்தெடுக்கலாம். இதை உட்கொள்ளும்போது சிறுநீர் அடர்நிறமானாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமின்றிக் களைப்பும் குமட்டலும் தொடர்ந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.