மூக்கைத் திறக்கும் 747, சிக்கனமான 777

சரக்கு விமானங்களில் போயிங் 747-8, 777 இரண்டில் எது மேல்? எதை ஏற்றப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

747-8 சுமார் 137 டன் தூக்கும். 777 சுமார் 102 டன். ஆனால் எடையை விட முக்கியம், கதவு. 747-இன் மூக்கு அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். விமானி அறை மாடியில் இருப்பதே இதற்காகத்தான். எண்ணெய்க் கிணற்றுக் குழாய் போன்ற நீளமான சாமான்களை முன்னாலிருந்து நேராக உள்ளே தள்ளிவிடலாம். ஒரு சிக்கல்: தலைக்கு மேல் விமானி அறை இருப்பதால் அந்த வழியில் உயரம் குறைவு. சுமார் 3 மீட்டர் உயரச் சரக்கு என்றால் பக்கவாட்டுக் கதவுதான்.

777-க்கு மூக்குக் கதவு கிடையாது. பக்கக் கதவு மட்டுமே. சரி, துணிமணி, கைபேசி, பார்சல்களுக்கு அது போதாதா? தாராளமாகப் போதும். நான்குக்குப் பதில் இரண்டே என்ஜின், அதனால் எரிபொருளும் பராமரிப்பும் மிச்சம். முழுச் சுமையோடு சுமார் 9,200 கிலோமீட்டர் நிற்காமல் பறக்கும். 747-8 அவ்வளவு தூரம் போகாது.

அன்றாடச் சரக்குக்கு என் ஓட்டு 777-க்கே. நீளமான இயந்திரம் என்றால் மறுபேச்சில்லாமல் 747. கடைசி 747 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டது, இனி புதிதாக வாங்க முடியாது. இருப்பவற்றைத்தான் வாடகைக்குப் பிடிக்க வேண்டும்.